வங்கக்கடலில் 40 மில்லிசெகண்ட்

ஏப்ரல் 9
சென்னையை விட்டுக் கிளம்பி மூன்றாம் நாள். வாந்தி ஒருவழியாக நின்றது. 90 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இன்னொரு கப்பல் தண்ணீருக்குள் ஒலித் துடிப்பு அனுப்புகிறது. எங்கள் ஹைட்ரோபோன், அதாவது நீருக்கடி மைக், கேட்கிறது. கடல்நீரில் ஒலி செகண்டுக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். ஆக, ஒரு நிமிடக் காத்திருப்பு.

ஏப்ரல் 12
நேற்றிலிருந்து துடிப்பு 40 மில்லிசெகண்ட் தாமதம். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை, ஆனால் எங்களுக்கு அது பெரிது. இரண்டு கப்பலும் 60 மீட்டர் கூடுதலாக விலகினாலே இந்தக் கணக்கு வந்துவிடும். ஜிபிஎஸ்ஸைப் பார்த்தேன், சரியாகத்தான் நிற்கிறோம். கடிகாரத்தின் மேல் சந்தேகம். ராத்திரி முழுக்கக் கேபிளைக் கழற்றி மாட்டியதுதான் மிச்சம்.

ஏப்ரல் 13
"கடிகாரத்தை விடுப்பா, தண்ணியைப் பாரு" என்றார் சார். செயற்கைக்கோள் படத்தில் எங்கள் பாதையின் நடுவே கடல்மட்டம் தாழ்ந்த ஒரு வட்டம்.

அங்கே போய் எக்ஸ்பிடி போட்டோம். குட்டிக் குண்டு மாதிரி இருக்கும். தலைமுடி போன்ற செப்புக் கம்பி பிரியப் பிரிய, வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே மூழ்கும். கம்பி கப்பலின் விலாவில் உரசினால் அளவு கெட்டுவிடும். டெக் அண்ணன் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். கம்பி தீர்ந்ததும் அறுந்தது.

வட்டத்துக்கு வெளியே 100 மீட்டர் ஆழத்தில் 24 டிகிரி. இங்கே 19! இடஞ்சுழியாகச் சுற்றும் சுழல் அடியிலிருந்து குளிர்ந்த நீரை மேலே தூக்கி வைத்திருக்கிறது. அந்த வெப்பத்தில் ஒரு டிகிரி குறைந்தால் ஒலி செகண்டுக்கு மூன்று மீட்டர் அளவுக்கு மந்தமாகும். போதாததற்கு, வேகம் குறைந்த பக்கமாக வளைவது ஒலியின் சுபாவம். சுழலுக்குள் அதன் பாதையே வேறு. பெரும்பகுதியைச் சுழல் அவ்வளவாக எட்டாத ஆழத்திலேயே ஓடிவிடுவதால் சராசரி வேகம் ஒரு மீட்டர்தான் குறைகிறது. அதுவே 40 மில்லிசெகண்டுக்குப் போதும்.

ஏப்ரல் 15
எனக்குப் பிழையாகத் தெரிந்த தாமதத்தையே கடலின் உள்வெப்பத்துக்கு அளவுகோலாக்கலாம் என்று கடலியலாளர்கள் வால்டர் மங்க்கும் கார்ல் வுன்ஷும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள். மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போலத்தான், எக்ஸ்ரேக்குப் பதில் ஒலி. 1981-இல் பெர்முடாவுக்குத் தென்மேற்கே கடலில் செய்தும் காட்டினார்கள். நானோ ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கேபிளுக்குக் கொடுத்தேன்.

மாலைத் துடிப்பு: தாமதம் 31. சுழல் நகர்கிறது போலிருக்கிறது. நாளை விடிந்ததும் இன்னொரு எக்ஸ்பிடி.