திருக்கை மாட்டினால் கத்தியை எடுக்காதீர்கள்

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில், கணவாய்த் துண்டு போட்ட என் தூண்டிலில் பெரிய திருக்கை ஒன்று மாட்டியது. கரை வரை இழுத்து வந்ததில் சிரமம் இல்லை. கடலுக்கே விடப்போகிறேன் என்று சொன்ன பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

"வாலை நறுக்கிட்டு விடு தம்பி, பயமே இல்ல" என்று ஒரு பெரியவர் கத்தியோடு வந்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வால் போனால் திருக்கைக்குத் தற்காப்பே போச்சு. நஞ்சுள்ள முள் வாலின் நுனியில் இல்லை. மேல்பக்கம், அடிக்கும் நடுவுக்கும் இடையில் இருக்கிறது. அந்த இடத்தில் ஈரத்துண்டைப் பல மடிப்பாகப் போட்டு, தலைப்பக்கமாக நின்றுகொண்டால் போதும்.

அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கண்ணுக்குப் பின்னால் உள்ள துளைகளில் விரலை விட்டு அதைத் தூக்கி, காய்ந்த மணலில் போட்டுவிட்டார். பிடிக்க வாகாக இருக்கிறது என்று பலரும் இதைச் செய்கிறார்கள். அது மூச்சுக்குத் தண்ணீர் இழுக்கும் வழி! தயவுசெய்து அங்கே கை வைக்காதீர்கள். வாலைப் பிடித்தும் தூக்காதீர்கள், முதுகெலும்பு கெட்டுவிடும்.

மணலில் விழுந்ததும் ஒரு குட்டி வெளியே வந்தது. திருக்கை குட்டி போடும் இனம். பிடிபட்ட அதிர்ச்சியில் சினைத் திருக்கை குறைமாதக் குட்டியையும் வெளியேற்றிவிடும். அந்தக் குட்டியிடம் அசைவே இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு யாரையும் தொடவிடவில்லை. நனைத்த சாக்கை அடியில் செருகி, தூக்காமல் தண்ணீருக்கு இழுத்தோம். சாக்கின் மறுமுனையைப் பிடித்தது அதே பெரியவர்தான். கத்தியை இடுப்பில் செருகிவிட்டிருந்தார். முனை உள்நோக்கி வளைந்த வட்டக் கொக்கி போட்டிருந்ததால் வாயோரத்தில்தான் மாட்டியிருந்தது. நீளமூக்குக் குறட்டால் ஒரு திருகு, வந்துவிட்டது. கொக்கியை விழுங்கியிருந்தால் தோண்டவே கூடாது; தூண்டில் நரம்பை வாய்க்குப் பக்கத்தில் நறுக்கிவிடுங்கள். திருக்கை கொஞ்ச நேரம் அலையில் அப்படியே கிடந்துவிட்டு, அப்புறம் ஒரே வீச்சில் போய்விட்டது.

ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது நல்லது. கை காலில் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் வரை முக்கி வைத்தால் வலி நன்றாகக் குறையும். அதன் பிறகும் டாக்டரிடம் காட்டுங்கள். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி நின்றால் முள்ளைப் பிடுங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.