மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்காது

செட்டிநாட்டில் மலைக்குப் பஞ்சம். கண்மாய், ஊருணி, செம்மண் பொட்டல், பனை, தைலமரத் தோப்பு, இடையில் இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக ஒரு வீடு. இவ்வளவுதான் எங்கள் சீமை. அதனால் தரையிலிருந்து நாலு ஆள் உயரம் எழும்பிய பாறையைக்கூட எங்கள் முன்னோர்கள் சும்மா விட்டதில்லை. பிள்ளையார்பட்டியில் குன்றைக் குடைந்து கற்பக விநாயகரை வைத்தார்கள். பக்கத்திலேயே குன்றக்குடியில் உச்சியில் சண்முகநாதர், அடியில் பாண்டியர் காலத்துக் குடைவரைகள். திருமயத்தில் பாறை கொஞ்சம் தாராளமாகக் கிடைத்துவிட்டது. சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து இடம் ஒதுக்கியது போக, 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி ஒரு கோட்டையும் கட்டிக்கொண்டார். குன்றக்குடிக் குன்று மயில் வடிவத்தில் இருக்கிறது என்று அதற்கு மயூரகிரி என்று பெயர். எந்தப் பக்கம் நின்றால் மயில் தெரியும் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

இந்தக் குன்றக்குடியைத்தான் என் தங்கை வீட்டுக்காரரிடம் பெருமையாகக் காட்டினோம். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவர். பல் தேய்க்கும்போதே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துக்கொண்டு தேய்க்கிறவர். காரை விட்டு இறங்கி, அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் நேராகவே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க மச்சான், இதையுமா மலைங்கறீங்க? மருதமலைக்குப் போற வழியில இதவிட ஒசரமா ஸ்பீட் பிரேக்கர் போட்டிருக்காங்க."

எல்லாரும் சிரித்தோம். பெண் கொடுத்த வீடு, சிரிக்காமல் என்ன செய்வது? மாப்பிள்ளை வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர். அப்போது வாங்கிய மூங்கில் தடி இன்னும் அவர் வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் நிற்கிறது. ஏறி எத்தனை வருஷம் ஆகிறது, அன்றைக்கு எத்தனை கிலோ இருந்தார் என்றெல்லாம் கேட்கும் உரிமை நமக்குக் கிடையாது.

அப்பத்தாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "அவுகளைப் பிரான்மலைக்குக் கூட்டிட்டுப் போடா" என்று என்னிடம் சொன்னாள். சொன்ன தொனி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகச் சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஆனால் செட்டிநாட்டு வீட்டிலிருந்து மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு வெளியே அனுப்பிய வரலாறு கிடையாது. அப்பத்தா அதிகாலையிலேயே வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு அரைத்துவிட்டாள். ஆழாக்கு நிறையப் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுந்து, அதுதான் அளவு. கரண்டியால் எண்ணெயில் ஊற்றியதும் அடியில் போய், ஒரு நொடி யோசித்து, அப்புறம் உப்பிக்கொண்டு மேலே வரும். நடு மெத்தென்று, ஓரம் மட்டும் மொறுமொறு. சிவக்கவே கூடாது, சிவந்தால் அப்பத்தாவுக்கு அது அவமானம். கூடவே காரமான வரமிளகாய்த் துவையல். அது முடிந்து கந்தரப்பம். அது முடிந்து இட்லி, கோசமல்லி. இலையில் கை வைத்து மறைத்தார் மாப்பிள்ளை. விரலிடுக்கு வழியாக ஒரு பணியாரம் உள்ளே போனது. மலை ஏறப்போகிறோம், கொஞ்சம் குறைச்சலாகச் சாப்பிடுங்கள் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொன்னால் சோற்றுக்குக் கணக்குப் பார்த்தான் என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

புறப்படும்போது மணி ஒன்பது.

தை மாதம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வழியெல்லாம் நடந்துகொண்டிருந்தார்கள். நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடித்தான் பழனிக்கு நடை கட்டும். வெறுங்காலோடு, எழுபது தாண்டியவர்கள்கூட விறுவிறுவென்று போகிறார்கள். ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிவிட்டு, "நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார் மாப்பிள்ளை.

திருப்பத்தூர், சிங்கம்புணரி தாண்டினால் பிரான்மலை தெரிய ஆரம்பிக்கும். சுற்றிலும் சமமான நிலம், கூடமாட இன்னொரு பெரிய மலை இல்லை, தன்னந்தனியாக 2,000 அடிக்கு மேல் எழுந்து நிற்கும். பாரி ஆண்ட பறம்புமலை இதுதான் என்பார்கள். மூன்று வேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டபோது கபிலர் சொன்னாரே, உழவர் உழாமலேயே இந்த மலையில் மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று நான்கு விளையும், நீங்கள் எத்தனை நாள் சூழ்ந்திருந்தாலும் நடக்காது என்று, அந்த மலை. வாளைத் தூக்கிக்கொண்டு போனால் கிடைக்காது, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் போனால் மலையையும் நாட்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று வழியும் சொன்னார். வெள்ளைப் பணியாரம் தின்றுவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன வழி என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை கண்ணாடி வழியாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பரவால்லைங்க" என்றார்.

அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். சம்பந்தர் பாடிய தலம். பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்காகச் சந்நிதிகள். மேலடுக்கில் மங்கைபாகர், அகத்தியருக்குத் திருமணக் கோலம் காட்டியவர். வாயுவும் ஆதிசேஷனும் பலம் பார்த்தபோது மேருமலையிலிருந்து சிதறிய ஒரு துண்டுதான் இந்த மலை என்று தலபுராணம். இதை நான் பக்தியோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

"துண்டுதானுங்களே" என்றார் மாப்பிள்ளை.

சரி, ஏறுவோம் என்று ஏற ஆரம்பித்தோம். நான், மாப்பிள்ளை, ஆறாவது படிக்கிற என் பையன். பெண்கள் கோயிலிலேயே இருந்துகொண்டார்கள். விவரமானவர்கள்.

வழியில் படி கொஞ்சம், பாறை நிறைய. வெயிலில் காய்ந்த புல்லும் ஏதோ பச்சிலை வாசனையும் கலந்து அடித்தது. முதல் கால்மணி நேரம் மாப்பிள்ளை வெள்ளியங்கிரிக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது மலையில் கதை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் துவையல் நிறத்தில் இருக்கிறது. வாயைத் திறந்தால் மூச்சு மட்டும் வருகிறது.

இங்கேதான் சிக்கல். மாப்பிள்ளைக்கு முடியவில்லை என்று நாம் சொல்லக் கூடாது. அவரும் சொல்ல மாட்டார். அப்படியே விட்டால் நாளைக்குத் தங்கைக்கு யார் பதில் சொல்வது? யோசிக்க நேரமில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, எனக்கு ரொம்ப மூச்சு வாங்குது, கொஞ்சம் உட்காரலாமா?" என்றேன்.

"அட, உக்காருங்க மச்சான், உங்களுக்கு இல்லாததா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, மாமாவுக்குத்தானே மூச்சு வாங்குது?" என்றான் பையன். துடையில் ஒரு கிள்ளு கொடுத்தேன். படிப்புக்கு எத்தனையோ செலவழிக்கிறோம், இதெல்லாம் பாடத்தில் இல்லை.

அதற்கப்புறம் இதுவே முறையாகிவிட்டது. அவர் நடை தளர்ந்தால் எனக்கு மூச்சு வாங்கும். அவர் இடுப்பைப் பிடித்தால் எனக்கு முட்டி வலிக்கும். பாதி வழிக்கு மேல் அவர் பாறை நிழலைக் கண்ணால் தேடினாலே போதும், எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் மனசார வருத்தப்பட்டு, "பாத்துங்க மச்சான், அவசரமில்லை" என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் அவர் கொஞ்சம் குடித்துக்கொண்டார்.

குரங்கைப் பற்றி எழுதப்போவதில்லை, மலைக்குப் போனவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். பிஸ்கட் போனது, அவ்வளவுதான்.

மேலேயிருந்து ஒரு பாட்டி தலையில் சுள்ளிக்கட்டோடு இறங்கி வந்தாள். காலில் செருப்பில்லை, கட்டைக் கையால் பிடிக்கவும் இல்லை. நாங்கள் மூவரும் பாறையில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து நின்றாள்.

"யாருக்கப்பா முடியல?"

மாப்பிள்ளை என்னைக் காட்டினார். "மச்சானுக்குங்க, பாட்டி. வயசாயிருச்சு."

எனக்கும் அவருக்கும் ஒரே வயது. பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வயசுலயே இப்படியா? பொண்டாட்டிய மொளகு ரசம் வச்சுக் குடுக்கச் சொல்லு" என்றாள். அப்புறம் மாப்பிள்ளையின் வேர்த்த சட்டையையும் ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள். அவளும் பெண் கொடுத்தவளாக இருக்க வேண்டும்.

உச்சிக்குப் போய்ச் சேரும்போது வெயில் நட்டநடு மண்டையில். அடிவாரத்தில் சிவன், உச்சியில் ஒரு தர்கா. அதன் நிழலில் போய் விழுந்தோம். கீழே பார்த்தால் சீமை முழுக்க விரிந்து கிடக்கிறது. கண்மாய்கள் ஒவ்வொன்றும் வெயிலில் பளீரென்று மின்னின. தை என்பதால் தண்ணீர் இன்னும் மிச்சமிருந்தது. கண்மாய்க்குக் கீழே மட்டும் பச்சை, மற்றதெல்லாம் செம்மண். மேற்கே நத்தம் பக்கத்து மலைகள் நீலமாகத் தெரிந்தன. பலாவும் தேனும் எங்கே என்று பையன் கேட்டான். பாரி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்றேன்.

மாப்பிள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்த காற்றில் சட்டை காய்ந்தது. "வெள்ளியங்கிரியில மொத மலைக்காவது படி போட்டிருப்பாங்க. இங்க அதுகூட ஒழுங்கா இல்லீங்களே" என்றார். எங்கள் மலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து கிடைத்த முதல் மரியாதை. அப்பத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆனால் வீடு திரும்பியதும் முதலில் பேசியது மாப்பிள்ளை. முகப்பில் உட்கார்ந்து, மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "மலை நல்லாத்தானுங்க இருக்கு. மச்சானுக்குத்தான் பாவம், பத்தடிக்கு ஒருக்கா உக்கார வேண்டியதாப் போச்சு. நான் இல்லீன்னா என்ன பண்ணியிருப்பாரோ" என்றார். பையன் வாயைத் திறந்தான். என் மனைவி சட்டென்று ஒரு தேன்குழலை அதில் வைத்து அடைத்தாள்.

இரவு மாப்பிள்ளைக்கு மறுபடி கந்தரப்பம். எனக்குக் கொள்ளு ரசமும் இரண்டு இட்லியும். "சக்கரையெல்லாம் இனிமே தொடாதே" என்றாள் அப்பத்தா. தங்கை மட்டும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அவளுக்குத் தெரியும், வெள்ளியங்கிரித் தடியைத் தூசி தட்டுகிறவளே அவள்தானே.

அதோடு முடிந்திருந்தால் சரி. மறுநாள் தேவகோட்டையிலிருந்து பெரியப்பா போன் செய்தார். "உனக்கு மலையில நெஞ்சுவலி வந்துருச்சாமே?" சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து சின்னம்மா: "தூக்கிட்டு எறங்குனாங்களாமே, மாப்பிள்ளைதான் காப்பாத்துனாராமே?" வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அவருக்கு வரிசையாகக் கும்பிடு, எனக்கு வரிசையாக இதய டாக்டர்களின் நம்பர். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் போய் ஈசிஜி எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் நார்மல். அதை மட்டும் யாரிடமும் காட்டிவிடாதே அண்ணே என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.