காரணம் எழுதக் கூடாதாம்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், எழுத்துத் தேர்வின் முதல் பகுதிக்குப் பயிற்சி எடுக்கிறேன். 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். இன்று நானே வரைந்துகொண்ட கோட்டு வரைபடம், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் அந்நாட்டு மொழியான வெல்ஷ் பேசுவோரின் விகிதம். மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 1911-ல் 43.5 சதவீதம், 2011-ல் 19.0, 2021-ல் 17.8.

முதல் வரியிலேயே 'தொடர்ந்து சரிந்தது' என்று எழுதிவிட்டேன். தப்பு. 1991-க்கும் 2001-க்கும் நடுவில் கோடு சற்றே ஏறுகிறது. அந்த ஏற்றத்தைக் கவனித்தோமா என்றுதான் மதிப்பெண் போடுபவர் பார்ப்பார்.

அடுத்த சறுக்கல் இன்னும் மோசம். 19.0-லிருந்து 17.8-க்கு வந்ததை '1.2 சதவீதம் குறைந்தது' என்றேன். அது 1.2 சதவீதப் புள்ளி, அதாவது இரண்டு சதவீதங்களின் நேர் வித்தியாசம். 19.0-ல் எத்தனை சதவீதம் குறைந்தது என்று சொன்னால் ஏறக்குறைய 6.3. ஆட்கணக்கோ வேறு கதை: சுமார் 5,62,000 பேர் 5,38,000 ஆனார்கள், அது 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரே சரிவுக்கு மூன்று எண்கள்! எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் எழுதினால் அவ்வளவுதான்.

ஆனால் நிஜமான கஷ்டம் கணக்கில்லை. 'ஏன்' என்று எழுதக் கூடாது. படத்தில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளைகளின் கழுத்தில் தண்டனையாக மரத்துண்டு மாட்டிய காலம் ஒன்று இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு 'விகிதம் கணிசமாகக் குறைந்தது' என்று மட்டும் எழுதிவிட்டு நகர வேண்டும். தமிழ் பேசுகிற கைக்கு இது கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது.

சரி, நாளைக்கு வட்ட வரைபடம்.