மொண்டேகு தீவும் எங்கள் விலங்கியல் மாஸ்டரும்

நியூ சவுத் வேல்ஸின் தென்கரையில் நரூமா என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. சிட்னியிலிருந்து காரில் போக ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும். அங்கிருந்து கடலில் 9 கிலோமீற்றர் போனால் மொண்டேகு தீவு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான யூயின் மக்களுக்கு அது பருங்குபா. கரையில் உயர்ந்து நிற்கும் குலாகா மலை தாய். பருங்குபா மூத்த மகன், கடலுக்குள் போக ஆசைப்பட்டுப் போனவன். இளையவன் நஜனூகா இன்னும் சின்னவன் என்று தாய் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டாள். அவனும் ஒரு குன்றாக அங்கே நிற்கிறான். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இருந்த தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். இந்தக் கதையைக் கேட்டபோது எங்கள் படகில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

1770 ஏப்ரலில் இந்தக் கரையால் போன கப்டன் குக், இதைத் தரையின் ஒரு முனை என்று நினைத்துக் கடந்துவிட்டார். தீவு என்று கப்பல்காரர் அறிந்தது 1790 இல்.

எங்கள் வகுப்புக்காரர் சிலர் குடும்பங்களோடு போனது வசந்தகாலத்தில். நரூமாவின் முகத்துவாரத்தில் அலை உடையும். காற்றுச் சரியில்லையென்றால் படகு புறப்படாது. அன்று கடல் இடம் கொடுத்தது. தீவை நெருங்கும்போதே பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருப்பது தெரிந்தது. அவுஸ்திரேலியக் கடல்நாய், நீளமூக்குக் கடல்நாய் என இரண்டு இனங்களும் இங்கே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காக இவற்றைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். அப்படி அழிக்கப்பட்ட விலங்கு பயமில்லாமல் படகுக்குப் பக்கத்தில் வந்து புரள்வதைப் பார்க்க மனம் நிறைந்தது.

ஆனால் என்னை உலுக்கியது ஒரு பறவை. மஞ்சள் அலகு, பின்தலையில் கறுப்புக் கொண்டை. பெரிய கொண்டை ஆலா! உயர்தர வகுப்பில் எங்களை யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போய், சைக்கிள்களைக் கரையில் சாய்க்கச் சொல்லிவிட்டு மாஸ்டர் காட்டிய அதே இனம். "பேரை ஆறுதலாய்க் கேக்கலாம். முதல் அது என்ன செய்யுதெண்டு பாருங்கோ. பாத்ததை இண்டைக்கே கொப்பியிலை எழுதுங்கோ" என்பார். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தொலைநோக்கி ஒன்றும் கிடையாது. கண் இருந்தது, மாஸ்டர் இருந்தார். வட இலங்கைக் கரையில் பறக்கும் இனமே பருங்குபாவில் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு வெறும் தரையில் முட்டையிடுகிறது. ஒரு தாய்க்கு ஒரு முட்டை. ஒவ்வொரு முட்டையின் நிறமும் புள்ளியும் வேறு. அதை வைத்தே தன்னுடையதை அது அடையாளம் காண்கிறது. மாஸ்டர் இருந்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

மேலே வெளிச்சவீடு. ஜேம்ஸ் பார்னெட் என்ற அரச கட்டடக் கலைஞர் வரைந்தது. தீவிலேயே வெட்டியெடுத்த கருங்கல்லால் எழுப்பி, 1881 நவம்பரில் விளக்கேற்றினார்கள். 1986 இல் அது தானியங்கியானது. அதுவரை காவலர்கள் குடும்பத்தோடு இங்கேயே வாழ்ந்தார்கள். சிலருடைய கல்லறைகளும் இங்கே உண்டு. பழைய பெரிய கண்ணாடி வில்லை இப்போது நரூமாவில் பார்வைக்கு இருக்கிறது. அதையும் தவறவிடக் கூடாது.

மனிதர் குடியிருந்தால் அவர்களோடு மற்றதும் வரும். ஆடு வந்தது, முயல் வந்தது, எலி வந்தது. மண் அரிக்கிறது என்று கிழக்கு ஆபிரிக்காவின் கிக்குயு புல்லைக் கொண்டுவந்து நட்டார்கள். அது தீவின் பெரும்பகுதியை மூடியது. பொந்துகளில் கூடுகட்டும் பென்குயின்களும் ஷியர்வோட்டர் பறவைகளும் அதன் கொடிகளில் சிக்கிச் செத்தன. தேசியப் பூங்காச் சேவையும் தொண்டர்களும் வருடக்கணக்காக அந்தப் புல்லை அகற்றி, தீவுக்குரிய செடிகளை நட்டு வருகிறார்கள். அவை வேரூன்றும்வரை பென்குயின்களுக்குத் தங்க மரப்பெட்டிகளும் வைத்தார்கள். 2007 இல் முயலையும் எலியையும் தீவிலிருந்து ஒழித்தார்கள். ஆரவாரமில்லாத, முதுகொடியும் வேலை. இந்த நாட்டில் நான் பார்த்த நல்ல காரியங்களில் இதை முதலில் சொல்வேன்.

அதன் பலன் இருட்டிய பிறகு தெரியும். பென்குயின் என்றால் பனிப்பாறை என்றே நாங்கள் படித்திருந்தோம். இங்கே இருப்பது சிறு பென்குயின். 33 சென்ரிமீற்றர் உயரம், ஏறக்குறைய ஒரு கிலோ எடை, நீல முதுகு. பகல் முழுக்கக் கடலில் இரை தேடிவிட்டு, இருட்டினால்தான் கூட்டமாகக் கரையேறும். முன்னால் வந்தது நின்றால் பின்னால் வருவதும் நிற்கும்; திடீரென்று எல்லாம் சேர்ந்து மேட்டை நோக்கி ஓடும். அப்புறம் பொந்துகளிலிருந்து கிளம்பும் சத்தம்! இவ்வளவு சின்ன உடம்பில் அந்தக் குரல் எங்கே இருந்ததோ! 'ஃபிளாஷ்' போட்டுப் படமெடுக்க அனுமதியில்லை, அது நல்லதும்கூட. எங்கள் பிள்ளைகள் தொலைபேசியை மறந்து குந்தியிருந்து பார்த்தார்கள். என் மகள் அன்றிரவே விடுதியில் இருந்து பார்த்ததை எழுதினாள். நான் சொல்லிக் கொடுத்தது மாஸ்டரின் பாடத்தைத்தான்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த சுற்றுலாவை வசந்தத்தில் நரூமாவுக்கு வைக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டிருக்கிறேன். செப்ரெம்பரிலிருந்து நவம்பர் வரை, குட்டிகளோடு தெற்கே திரும்பும் கூன்முதுகுத் திமிங்கலங்களையும் வழியில் காணலாம். இது இயற்கை ஒதுக்ககம். அனுமதி பெற்ற சுற்றுலாவில் மட்டுமே கரையேறலாம், படகில் இடமும் கொஞ்சம்தான். குளிர்ச்சட்டையும் வாந்திக் குளிசையும் கட்டாயம். வர விரும்புகிறவர்கள் நேரத்தோடு செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.