சுட்டவன் யார் கட்சி?

2025 செப்டம்பர் 12 காலை, யூட்டா மாநில ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து நின்றார். இரண்டு நாள் முன்னால்தான் அவருடைய மாநிலத்தில், ஓரெம் நகரத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், டிரம்பின் ஆதரவாளரும் வலதுசாரி இளைஞர் அமைப்பு ஒன்றின் தலைவருமான சார்லி கர்க் மாணவர்கள் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கழுத்தில் குண்டு பாய்ந்து செத்துப்போனார். வயது 31. ஆள் பிடிபட்டுவிட்டான் என்று அறிவிக்க வந்த காக்ஸ், பேச்சின் நடுவே ஒன்றைச் சொன்னார். 33 மணி நேரமாக அவர் ஒரு பிரார்த்தனை செய்துகொண்டிருந்தாராம். சுட்டவன் நம்மில் ஒருவனாக இருந்துவிடக் கூடாது, வேறு மாநிலத்திலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்தவனாக இருக்கட்டும் என்று. பிரார்த்தனை பலிக்கவில்லை. பிடிபட்டது 22 வயது உள்ளூர்ப் பையன்.

இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. அப்படியென்றால் வெளியூர்க்காரன், வெளிநாட்டுக்காரன் என்றால் பரவாயில்லையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. அந்த 33 மணி நேரமும் கையில் போன் வைத்திருந்த கோடிக்கணக்கான பேர் அதே வேண்டுதலில்தான் இருந்தார்கள், அவர் மைக் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

ஒருவர் சுடப்பட்டார் என்று செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது ஆள் பிழைப்பாரா என்று. அமெரிக்காவில் இப்போது முதலில் கேட்பது சுட்டவன் யார் கட்சி என்று. 2024 ஜூலை 13, பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் டிரம்ப் பேசிக்கொண்டிருந்தபோது சுட்டானே ஒரு 20 வயதுப் பையன், அவனைப் பற்றி அன்று ராத்திரிக்குள் இரண்டு தகவல் வெளியே வந்தன. வாக்காளர் பட்டியலில் குடியரசுக் கட்சிக்காரனாகப் பதிந்திருந்தான். 2021-ல் ஒரு இடதுசாரிக் குழுவுக்கு 15 டாலர் நன்கொடை கொடுத்திருந்தான். போதாதா? ஒரு பாதி நாடு அந்த வாக்காளர் பதிவைத் தூக்கிக்கொண்டு ஓடியது, இன்னொரு பாதி அந்த 15 டாலரைத் தூக்கிக்கொண்டு ஓடியது, மூன்றாவதாக ஒரு கூட்டம் டிரம்பின் காதில் வழிந்தது ரத்தமே இல்லை, எல்லாம் நாடகம் என்று எழுதிக்கொண்டிருந்தது. அவன் ஏன் சுட்டான் என்பதற்கு எஃப்.பி.ஐ.யாலேயே தெளிவான காரணம் சொல்ல முடியவில்லை. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், முன்னாள் தீயணைப்புப் படைத் தலைவர், குடும்பத்தைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்து செத்துப்போனார். இன்னும் இரண்டு பேர் படுகாயம். நாடகம் என்று எழுதியவர்கள் அந்தச் சாவை எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

கர்க் சுடப்பட்ட அன்று பிரதிநிதிகள் சபையில் நடந்தது இன்னும் மோசம். சபாநாயகர் மைக் ஜான்சன் மௌனப் பிரார்த்தனைக்கு அழைக்கிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். முடிந்த கையோடு குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர், மௌனம் போதாது, வாய்விட்டுப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்கிறார். எதிர்ப்பக்கத்திலிருந்து, அன்றைக்கே கொலராடோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்கு என்ன பதில் என்று குரல் வருகிறது. உடனே இந்தப் பக்கத்திலிருந்து, இதற்கெல்லாம் நீங்கள்தான் காரணம் என்று கத்தல். சபாநாயகர் சுத்தியலைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். சட்டம் போடும் இடத்தில் மௌனமாக நின்ற கால்கள் உட்கார்வதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

மூன்று மாதம் முன்னால் மின்னசோட்டாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2025 ஜூன் 14 விடிவதற்கு முன், போலீஸ் வேஷத்தில் முகமூடி போட்ட ஒருவன் கதவைத் தட்டி, மாநில சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் மெலிஸா ஹோர்ட்மனையும் அவர் கணவரையும் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றான். அதற்கு முன்பே ஜான் ஹாஃப்மன் என்ற மாநில செனட்டரையும் அவர் மனைவியையும் சுட்டிருந்தான், அவர்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். ஹோர்ட்மன், ஹாஃப்மன் இருவருமே ஜனநாயகக் கட்சி. மறுநாள் யூட்டாவின் குடியரசுக் கட்சி செனட்டர் மைக் லீ, கொலையாளியின் படத்தைப் போட்டு, மார்க்சிஸ்டுகளுக்கு நினைத்தது நடக்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று எழுதினார். இன்னொரு பதிவில் மின்னசோட்டா ஆளுநரின் பெயரை வைத்துச் சிலேடை வேறு. ஹோர்ட்மனின் தோழியான செனட்டர் டினா ஸ்மித், வாஷிங்டனில் அவரைத் தேடிப்போய் நேருக்கு நேர் பேசினார். பிறகு பதிவுகள் காணாமல் போயின. செப்டம்பரில், கர்க்குக்காகத் தேசியக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கிய மாதிரி ஹோர்ட்மனுக்கு ஏன் செய்யவில்லை என்று டிரம்பிடம் ஒரு நிருபர் கேட்டபோது, யார் அது என்று திருப்பிக் கேட்டார் அதிபர்.

சரி, இதெல்லாம் ஒரு பக்கம் மட்டும்தானா? 2024 டிசம்பர் 4, நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனத் தலைவர் பிரையன் தாம்ப்சன் தெருவில் முதுகில் சுடப்பட்டுச் செத்தார். அந்த நிறுவனம் முகநூலில் போட்ட இரங்கல் செய்திக்குக் கீழே பல்லாயிரக்கணக்கான சிரிப்பு எமோஜிகள். அந்த ஊர் மருத்துவக் காப்பீட்டின் மேல் மக்களுக்கு இருக்கும் ஆத்திரம் பொய்யில்லை, அதை நான் மறுக்கவே மாட்டேன். அதற்காக மனைவி மக்கள் உள்ள ஒருவன் செத்துக் கிடக்கும்போது சிரிக்கிற கை எனக்குப் பிடிபடவில்லை. அப்போது பென்சில்வேனியாவின் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜோஷ் ஷப்பீரோ, பிடிபட்டவன் ஹீரோ இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவனை ஹீரோவாக்கியவர்களில் அவருடைய கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் நிறையப் பேர். நாலு மாதம் கழித்து அவர் குடும்பத்தோடு தூங்கிக்கொண்டிருந்த ஆளுநர் மாளிகைக்கே ஒருவன் தீ வைத்தான் என்பது வேறு கதை.

எதிர்க்கட்சிக்காரன் செய்த வன்முறையைக் கண்டிக்கக் காசு செலவில்லை. கைதட்டல்கூடக் கிடைக்கும். நம் ஆள் செய்ததை, அல்லது நம் ஆட்கள் ரசித்ததை, நம் ஆட்கள் முன்னால் நின்று தப்பு என்று சொல்வதுதான் கஷ்டம். கண்டன அறிக்கை எதைப் படித்தாலும் இப்போது நான் பார்ப்பது அது யாருக்கு எழுதியது என்றுதான். பெரும்பாலும் எதிரிக்கு எழுதியதாக இருக்கும்.

இது சமூக ஊடகம் கொண்டுவந்த வியாதி என்று நினைப்பவர்கள் 1856-க்குப் போய்ப் பார்க்கலாம். அந்த வருடம் மே மாதம் மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் அடிமை முறைக்கு எதிராக இரண்டு நாள் ஒரு காரசாரமான உரை ஆற்றினார். அதில் தென் கரோலினா செனட்டர் ஆண்ட்ரூ பட்லரைக் கேலியாகவும் பேசியிருந்தார். மே 22 அன்று, பட்லரின் உறவினரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான பிரஸ்டன் புரூக்ஸ், செனட் சபைக்குள்ளேயே வந்து, மேசையில் எழுதிக்கொண்டிருந்த சம்னரைக் கைத்தடியால் அடித்தார். தரையோடு திருகி வைத்திருந்த மேசைக்கு அடியில் சம்னரின் கால்கள் மாட்டிக்கொண்டன. மேசையையே பெயர்த்துக்கொண்டுதான் அவரால் எழ முடிந்தது. தடி உடைந்த பிறகும் அடி நிற்கவில்லை. தடுக்க வந்தவர்களை புரூக்ஸின் சக உறுப்பினர் ஒருவர் தடியைக் காட்டி விரட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊர் என்ன செய்தது? அடிமை முறை இருந்த தெற்கு மாநிலங்களிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்து குவிந்தன. இன்னும் அடி என்று பொறித்த தடி ஒன்றும் அதில் இருந்ததாம். உடைந்த தடியின் துண்டுகளைப் புனிதப் பொருள் மாதிரி கேட்டு வாங்குகிறார்கள் என்று அவரே தன் தம்பிக்கு எழுதினார். நீதிமன்றம் 300 டாலர் அபராதம் போட்டது. சபையிலிருந்து நீக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், கிடைக்கவில்லை. அவராகவே ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போனார், தொகுதி மக்கள் உடனே திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். வடக்கில் கண்டனக் கூட்டங்கள் நடந்தன, சம்னரின் உரை அச்சாகி லட்சக்கணக்கில் பரவியது. அவரால் பழையபடி வேலைக்குத் திரும்ப மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை மாசசூசெட்ஸ் அந்த நாற்காலியைக் காலியாகவே விட்டு வைத்திருந்தது. உள்நாட்டுப் போருக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. ஒரு புரூக்ஸ் எந்த நாட்டிலும் கிளம்பலாம். தடி அனுப்பிய சாதாரண ஆட்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், அவர்கள்தான் என்னைப் பயமுறுத்துகிறார்கள்.

இதே நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, அதுவும் சமீபத்தில்தான். 2017 ஜூன் 14, வர்ஜீனியாவில் பேஸ்பால் பயிற்சி செய்துகொண்டிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மேல் ஒருவன் சுட்டான். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஸ்கலீஸ் சாவின் விளிம்பு வரை போய்வந்தார். சுட்டவன் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் தேர்தல் பிரச்சாரத்தில் தன்னார்வலராக இருந்தவன் என்று தெரிந்ததும், சாண்டர்ஸ் அன்றே செனட்டில் எழுந்து, என் பிரச்சாரத்தில் வேலை செய்தவனாம், இந்தக் காரியம் எனக்குக் குமட்டுகிறது, எந்த வகை வன்முறையும் ஏற்க முடியாதது என்று சொல்லி உட்கார்ந்தார். மனநிலை சரியில்லாதவன், எனக்கு அவனைத் தெரியாது என்று நழுவியிருக்கலாம், செய்யவில்லை. மறுநாள் இரு கட்சி எம்.பி.க்களும் ஆடும் வருடாந்திரப் பேஸ்பால் ஆட்டம் நடந்தது. ஜனநாயகக் கட்சி 11-2 என்று ஜெயித்து, கோப்பையை ஸ்கலீஸின் அலுவலகத்தில் வைக்கச் சொல்லி எதிரணியிடமே கொடுத்துவிட்டது. இதனால் அமெரிக்கா திருந்திவிட்டதா என்றால் இல்லைதான். ஆனால் அந்த வாரம் பதிலுக்குச் சுட வேண்டும் என்று யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

சொந்தக் கட்சியிடம் சொல்வதற்கு என்ன விலை என்பதற்கு 2021 ஜனவரி 6 சரியான உதாரணம். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர்களின் கும்பல் புகுந்தது, சுமார் 140 போலீஸ்காரர்களுக்கு அடி. அடுத்த வாரம் டிரம்ப் மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு வந்தபோது அவருடைய கட்சியிலேயே 10 பேர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பத்தில் நாலு பேர் அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை, நாலு பேரை அவர்கள் கட்சிக்காரர்களே உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார்கள், மிச்சம் இரண்டு பேர்தான் ஜெயித்து வந்தார்கள். 2025-ல் டிரம்ப் திரும்ப வந்த முதல் நாளே அந்தக் கும்பலில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு.

கர்க் கொலைக்குப் பிறகு இன்னொரு விளையாட்டு தொடங்கியது. சந்தோஷப்பட்டு எழுதியவர்களின் ஸ்கிரீன்ஷாட்டைத் தேடி எடுத்து, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அனுப்புவது. துணை அதிபர் ஜே.டி. வான்ஸே, அவர்கள் முதலாளிக்குப் போன் போடுங்கள் என்று சொன்னார். ஆசிரியர்கள், நர்ஸ்கள், விமான நிறுவன ஊழியர்கள் என்று பலருக்கு வேலை போனது. அதில் உண்மையிலேயே அருவருப்பாக எழுதியவர்கள் இருந்தார்கள், கர்க்கின் பழைய பேச்சை மட்டும் மேற்கோள் காட்டியவர்களும் இருந்தார்கள். ஊர் பேர் தெரியாத ஒருவர் நடு ராத்திரியில் கிறுக்கியது ஒரு கட்சியின் கொள்கை அறிக்கை மாதிரி காலையில் லட்சம் பேர் கண்ணில் படுகிறது. பிறகு, கர்க் கொலையைப் பற்றிப் பேசியதற்காக ஜிம்மி கிம்மல் என்ற நகைச்சுவையாளரின் இரவு டிவி நிகழ்ச்சியை நிறுத்தினார்கள், ஒரு வாரத்துக்குள் திரும்ப வந்தது. அதற்கு முன் ஒளிபரப்பு ஆணையத் தலைவர் விட்ட மிரட்டலை, இது ரொம்ப ஆபத்தான வேலை, நாளைக்கு நம் மேலேயே திரும்பும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ். அவரைப் பாராட்டி ஒரு வரி எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆய்வாளர்கள் இதில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்களில் எத்தனை பேர் வன்முறையை ஆதரிப்பார்கள் என்று அமெரிக்கர்களிடம் கேட்டால், உண்மையில் இருப்பதைப் போலப் பல மடங்கு சொல்கிறார்கள். 2022-ல் வந்த ஆய்வு அது. உண்மையான எண்ணிக்கையைக் காட்டினால், காட்டப்பட்டவர்களின் சொந்த வன்முறை ஆதரவே குறைகிறதாம். அவன் அடிக்கப் போகிறான் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் கையை ஓங்குகிறார்கள் போல. அந்தப் பயத்தை யார் தினமும் ஊட்டுகிறார்கள் என்று யோசித்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் நம்ம நண்பர்தான்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இவர் இல்லாமல் எனக்கு இந்தப் பதிவு முடியாது. 1972 மே 15, அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மேரிலாந்தில் சுடப்பட்டார். இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் எப்போதும் பிரிந்தே இருக்க வேண்டும் என்று பதவியேற்பு உரையிலேயே முழங்கிய ஆள். அதே போட்டியில் இருந்த ஷெர்லி சிஷம், நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண், பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அவரைப் பார்க்கப் போனார். உங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று வாலஸ் கேட்டார். என்ன சொல்வார்கள் என்று தெரியும், ஆனாலும் உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது என்று சிஷம் சொன்னபோது வாலஸ் அழுதுவிட்டார். புரூக்ளினில் சிஷமின் தொகுதிக்காரர்கள் கொதித்துப்போனார்கள், எப்படிப் போகலாம் என்று. அவர்கள் கோபத்துக்கும் காரணம் இருந்தது, அந்த மனிதரின் பேச்சால் அடி வாங்கியவர்கள் அவர்கள்.

1974-ல் வீட்டு வேலை செய்பவர்களையும் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள் கொண்டுவர சிஷம் போராடியபோது, தென்மாநில எம்.பி.க்களின் ஓட்டைத் திரட்ட வாலஸ் போன் போட்டு உதவினார். சட்டம் நிறைவேறியது. இதை மனதில் வைத்துத்தான் சிஷம் போனார் என்று யாராவது கிளம்பினால், அந்த மே மாதம் அவருக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அன்று அவருக்குக் கிடைத்தது சொந்த ஊர்க்காரர்களின் திட்டு மட்டும்தான்.