ஸ்டேட் கோர்ட்ல போட்ட கேஸை ஃபெடரலுக்கு இழுத்துட்டுப் போனாங்க, திரும்பக் கொண்டு வந்துட்டேன்

நியூ ஜெர்சில எங்க வீட்டுல ரெண்டு ரூம் சேத்துக் கட்ட ஒரு கான்ட்ராக்டர் கம்பெனிக்கு எண்பதாயிரம் டாலருக்கு மேல கொடுத்தோம், பாதி சுவரோட விட்டுட்டுப் போயிட்டாங்க. வக்கீல் வெக்காம நானே சுப்பீரியர் கோர்ட்ல (அதான் இங்க ஸ்டேட் கோர்ட்) கேஸ் போட்டேன், அதுவரைக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்ல. சம்மன் கைக்குப் போய் 30 நாள் முடியறதுக்குள்ள "நோட்டீஸ் ஆஃப் ரிமூவல்"னு, அதாவது கேஸை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாத்திட்டோம்னு, ஒரு கட்டு பேப்பர் வந்துச்சு. நான் நியூ ஜெர்சி, அவங்க பென்சில்வேனியா எல்எல்சி (கம்பெனில ஒரு வகை, ஓனர்களை மெம்பர்ஸ்னு சொல்வாங்க), தொகை 75,000 டாலருக்கு மேல, அதனால டைவர்சிட்டி ஜூரிஸ்டிக்‌ஷன் (ரெண்டு பக்கமும் வேற வேற ஸ்டேட்டா இருந்தா ஃபெடரல் கோர்ட் விசாரிக்கற அதிகாரம்), கேஸ் இனி ஃபெடரல் கோர்ட்லதானாம்.

லீவ் போட்டுட்டு ஸ்டேட் கோர்ட் கவுண்டர்ல போய் நின்னா, அந்தம்மா ஸ்கிரீனைப் பாத்துட்டு "உங்க கேஸ் இங்க இல்ல"ன்னு பேப்பரைத் தள்ளி விட்டுட்டாங்க. ரிமூவல் நோட்டீஸ் காப்பி அங்க ஃபைல் ஆயிட்டா ஸ்டேட் கோர்ட் மேற்கொண்டு எதுவும் செய்யக்கூடாது, சட்டமே அப்படித்தான், சரி, அதை வாயத் தொறந்து சொன்னா என்ன குறைஞ்சிடும்? ஃபெடரல் கவுண்டர் அதுக்கு மேல. என்ன கேட்டாலும் "லீகல் அட்வைஸ் தர மாட்டோம்". எத்தனை காப்பி வேணும்னு கேட்டதுக்கும் அதே பதில்!

அப்புறம் ராத்திரி உக்காந்து அந்த நோட்டீஸை வரி வரியா படிச்சப்பதான் புடி கிடைச்சுது. கார்ப்பரேஷன்னா பதிவு பண்ண ஸ்டேட், தலைமை ஆபீஸ் இருக்கற ஸ்டேட், இந்த ரெண்டையும்தான் பாப்பாங்க. எல்எல்சிக்கு அது செல்லாது, அதோட மெம்பர்ஸ் ஒவ்வொருத்தரும் எந்த ஸ்டேட் சிட்டிசன்னு பாக்கணும், அதுல ஒருத்தர் என் ஸ்டேட்காரரா இருந்தாலும் டைவர்சிட்டி காலி. நோட்டீஸ்ல மெம்பர்ஸ் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்ட பார்ட்னரோ எங்க பக்கத்து டவுன்லதான் குடியிருக்கார், காபி குடிக்கறப்ப அவரே சொன்னது.

டிசம்பர் 2022ல இருந்து ஃபெடரல் சிவில் ரூல் 7.1 படி டைவர்சிட்டி கேஸ்ல ரெண்டு பக்கமும் சிட்டிசன்ஷிப்பை எழுதிக் கொடுக்கணும். அவங்க கொடுக்கல. ரிமாண்ட் மோஷன்ல, அதாவது கேஸை ஸ்டேட் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்ற மனுவுல, அதையே முதல் பாயின்ட்டா வெச்சேன். ஜூரிஸ்டிக்‌ஷன் இருக்குன்னு நிரூபிக்க வேண்டியது கேஸை இழுத்துட்டுப் போனவங்கதான், நாம இல்ல, இதை மறந்துடாதீங்க.

நடுவுல வென்யூ (எந்த ஊர் கோர்ட்ல நடக்கணும்ங்கறது) தப்பு, பிலடெல்பியாவுக்கு மாத்துங்கன்னு ஃபெடரல் சட்டத்தோட 1391வது செக்‌ஷனைக் காட்டி இன்னொரு மோஷன் வேற. ரிமூவ் ஆகி வர்ற கேஸுக்கு அந்த செக்‌ஷனே பொருந்தாது, ஸ்டேட் கோர்ட் எந்த டிஸ்ட்ரிக்ட்ல இருக்கோ அந்த ஃபெடரல் கோர்ட்தான்னு 1441லயே இருக்கு. சௌகரியத்துக்காக மாத்தறது 1404, அது தனி. சாட்சி, இன்ஸ்பெக்டர், அந்தப் பாதி சுவர் எல்லாம் இங்க இருக்கு, சுவரைப் பேத்து எடுத்துட்டா பிலடெல்பியா போக முடியும்?

ஜட்ஜ் மெம்பர்ஸ் லிஸ்ட் கேட்டார். அந்தப் பக்கத்து டவுன்காரர் பேரும் அதுல வெளிய வந்துச்சு, கேஸ் ரிமாண்ட். ரிமூவலுக்கு அவங்க கட்டின 405 டாலர் போனது போனதுதான், எனக்கு அதுல ஒரு அற்ப சந்தோஷம்.

ரிமூவல்ல நடைமுறைக் குறை இருந்தா 30 நாளுக்குள்ள மோஷன் போட்டாகணும். ஜூரிஸ்டிக்‌ஷனே இல்லேன்னா எப்ப வேணா கிளப்பலாம், ஜட்ஜே கூட கிளப்பலாம். வென்யூ அப்படி இல்ல, எதிர்த் தரப்பு ஆரம்பத்துலயே சொல்லலேன்னா அந்த உரிமை போயிடும். கிரீன் கார்டுக்காரர் குடியிருக்கற அதே ஸ்டேட் சிட்டிசன் எதிர்த் தரப்புல இருந்தா டைவர்சிட்டி கிடையாது. ஹெச்1பியோ வேற கதை, இதே கான்ட்ராக்டர் மேல ஹெச்1பில இருக்கற என் எதிர் வீட்டுக்காரர் போட்டிருந்தா, அவர் வெளிநாட்டு சிட்டிசன்ங்கறதால ஃபெடரல் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்திருக்கலாம்.

ரிமாண்ட் ஆர்டர் வந்துட்டா கேஸ் தானா ஓடிடும்னு இருந்துடாதீங்க. ஃபெடரல் கிளார்க் சர்டிஃபைட் காப்பியை ஸ்டேட் கோர்ட்டுக்கு அனுப்பணும், என் கேஸ்ல அது போகவே இல்ல, ரெண்டு பக்கமும் போன் போட்டுக் கேட்டப்புறம்தான் போச்சு.