செல்வமகள் பணம் ஃபீஸுக்கு, பிபிஎஃப் பணம் சாப்பாட்டுக்கு

பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்க நினைப்பவர்கள் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் இப்போது நிறையப் பேர். மகளை ஜெர்மனிக்கு அனுப்பிய என்னிடம் எல்லோரும் கேட்பது, "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்றுதான். எந்தச் செலவுக்கு எந்தக் கணக்கிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் இன்னும் உபயோகமாக இருக்கும்.

2015இல் பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தபோது என் மகளுக்கு ஒன்பது வயது. பத்து வயதுக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் உடனே தபால் நிலையத்தில் கணக்கு தொடங்கி, மாதம் 2,000 ரூபாய் கட்டினோம். 5ஆம் தேதி தாண்டிக் கட்டினால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி வராது. வட்டிக்கு வரி கிடையாது. கட்டும் பணத்துக்கான வருமான வரிக் கழிவு (1961 வரிச் சட்டத்தில் 80சி) பழைய வரி முறையில் மட்டும்தான்.

மகளுக்கு ஜெர்மனியில் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் முதுகலை இடம் கிடைத்தது. அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகளுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். ஃபீஸைவிடப் பெரிய செலவு, விசாவுக்காக முடக்கிக் காட்டும் பணம்: 11,904 யூரோ, கிட்டத்தட்ட 12 லட்சம். அங்கே போன பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோ அவள் கைக்கு வரும்.

இங்கேதான் கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செல்வமகளில் போன நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம். ஆனால் ஃபீஸ் சீட்டில் என்ன தொகை இருக்கிறதோ அதற்கு மேல் தரமாட்டார்கள். கவுண்டரில் முதல் கேள்வியே, "அட்மிஷன் லெட்டர், ஃபீஸ் சீட்டு எங்கம்மா?" என்பதுதான். ஆக, சாப்பாடு, வாடகைக்கெல்லாம் அந்தப் பணம் வராது. வருடத்துக்கு ஒரு முறைதான் எடுக்க முடியும். 18 வயதுக்குப் பிறகு மகள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே ஆதார், பான் கொடுத்து, கணக்கை அவளே கையாளும்படி மாற்றும் வேலையை முடித்துவிடுங்கள்.

வாழ்க்கைச் செலவுக்கு என் கணவரின் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கைகொடுத்தது. 15 வருடம் முடிந்த கணக்கு. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, வரியும் இல்லை. முதிராத கணக்காக இருந்தால் அவசரப்பட்டு மூடாதீர்கள். படிப்புக்காக மூட அனுமதி உண்டு, ஆனால் வட்டியில் 1 சதவீதம் குறைப்பார்கள். ஏழாம் வருடத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதை முதலில் பாருங்கள்.

மீதிக்குக் கல்விக் கடன் வாங்கினோம். கையில் பணம் இருந்தாலும் கொஞ்சம் கடன் வாங்குவது நல்லது என்பேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஃபீஸுக்கு 80சி கழிவு கிடையாது, ஆனால் கல்விக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு (1961 சட்டத்தில் 80இ) எட்டு வருடம் உண்டு. அதுவும் பழைய வரி முறையில்தான்.

அப்புறம் டிசிஎஸ், அதாவது வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி. 2025 ஏப்ரல் முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் பிடிப்பார்கள். வங்கிக் கடனில் போகும் பணத்துக்குப் பிடித்தம் இல்லை. வங்கிப் படிவத்தில் 'உறவினர் பராமரிப்பு' என்று எழுதிவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். படிப்புக்கான அன்றாடச் செலவும் கல்விச் செலவுதான் என்று வருமான வரித் துறையே 2023இல் தெளிவுபடுத்திவிட்டது. அதனால், பிடித்தம் குறைய, 'கல்வி' என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிடித்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் வரிப் பிடித்த அறிக்கையில் தெரியும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம்.